பாதியாகக் குறைத்தால் தீங்கும் பாதியாகுமா?

அசோக் நகரில் மாலை ஐந்து மணிக்கு மேல் தேநீர்க் கடைகளின் முன் கூட்டம் சேரத் தொடங்குகிறது. பலருக்கு ஒரு கையில் கண்ணாடிக் குவளை, மறு கையில் வெண்சுருட்டு. நான்கு சிங்கத் தூணிலிருந்து பிரியும் சாலைகளிலும், எண்களால் வழங்கும் அவென்யூக்களிலும், மெட்ரோ நிலைய வாயிலுக்குச் சற்றுத் தள்ளியும் இதே காட்சிதான். பெட்டிக்கடையில் "அண்ணே, ஒண்ணு" என்றால் போதும். பழகிய முகமாயின் எந்த வகை என்றுகூடச் சொல்லவேண்டியதில்லை. அங்கே நிற்போரிடம் பேச்சுக் கொடுத்தால் அடிக்கடி காதில் விழும் சொல் இது: "முன்ன மாதிரி இல்ல, பாதியாக் குறைச்சுட்டேன்."

இச்சொல்லை எள்ளுதல் தகாது. நாளொன்றுக்கு இருபது ஊதியவர் பத்தாகக் குறைத்திருக்கிறார் என்றால், நாள்தோறும் பத்து முறை எழுந்த வேட்கையை அடக்கியிருக்கிறார் என்பதே பொருள். அதற்குப் பின்னே துணைவியின் வேண்டுதல் இருக்கலாம். பிள்ளையின் இருமல் இருக்கலாம். தம் மார்பில் ஒருநாள் எழுந்த இறுக்கம் இருக்கலாம். அவர் இப்பழக்கத்தோடு ஏற்கெனவே போரிடத் தொடங்கிவிட்டவர். ஆனால் அவர் போடும் கணக்கின் அடியில் ஓர் எண்ணம் உறைந்து கிடக்கிறது. புகையைப் பாதியாகக் குறைத்தால் தீங்கும் பாதியாகும் என்பதே அது. அவ்வெண்ணம் மெய்தானா என்று உடலியலையும் ஆய்வுகளையும் கொண்டு பார்க்கும்போது, படிப்படியாகக் குறைத்தல் என்னும் வழியின் வலிவும் மெலிவும் ஒருங்கே தெரியவருகின்றன.

உள்ளிழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் பத்து முதல் இருபது நொடிக்குள் மூளையை எட்டுகிறது. அங்கே சில நரம்பணுக்களின் மேற்பரப்பில் அதற்கென்றே அமைந்தவைபோல் பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. அவற்றில் அது சென்று அமர்ந்ததும் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. மனம் ஒருகணம் நிறைவடைகிறது. குருதியில் உள்ள நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். தேயத் தேய எரிச்சலும் அமைதியின்மையும் கவனச் சிதறலும் தலைகாட்டும். அடுத்த வெண்சுருட்டு அவற்றைத் தணிக்கிறது. புகைப்பவர் அதை இன்பம் என்று கொள்கிறார். பெரும்பகுதி அது முந்தைய வெண்சுருட்டு விட்டுச்சென்ற குறையை நிரப்புதலே. இரவு முழுதும் தேய்ந்தபின் விடியலில் பிடிக்கும் முதல் வெண்சுருட்டு அந்நாளிலேயே மிகுந்த சுவையுடையதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். கண்விழித்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் வெண்சுருட்டைத் தேடுகிறார் என்பதைக் கொண்டே ஒருவருடைய அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்கலாம் என்று சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் ஃபாகர்ஸ்ட்ரோம் காட்டினார். ஐந்து மணித்துளிக்குள் தேடுவோருக்குப் பிடி மிக இறுகியிருக்கிறது.

இந்த ஏற்பிகள் எவ்வளவு குறைந்த புகைக்கு நிறைகின்றன என்பதுதான் நம் கேள்விக்கு முதல் திறவுகோல். கலிபோர்னியாவில் ஆர்தர் பிராடியும் குழுவினரும் மூளையைப் படம்பிடித்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஓரிரு இழுப்பு இழுத்தாலே அவ்வகை ஏற்பிகளில் ஏறத்தாழப் பாதி நிறைந்துவிடுகின்றன. ஒரு முழு வெண்சுருட்டு 88 விழுக்காட்டுக்கும் மேல் நிறைத்துவிடுகிறது. அந்நிலை சில மணி நேரம் நீடிக்கிறது. ஆகவே நாளுக்கு நான்கைந்து வெண்சுருட்டு பிடிப்பவரின் மூளையும் நிக்கோட்டினின் ஆட்சிக்குள்தான் இருக்கிறது. எண்ணிக்கை குறைந்ததாலேயே அடிமைத்தனம் அதே அளவில் தளர்ந்துவிட்டது என்று சொல்லவியலாது.

இரண்டாவது திறவுகோல் நுரையீரலில் இருக்கிறது. 1986-இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த நீல் பெனோவிட்சு குழுவினர், நாளுக்குச் சராசரியாக 37 வெண்சுருட்டு பிடித்துவந்தோரை ஐந்துக்குள் நிறுத்தினர். எண்ணிக்கை ஏழில் ஒன்றாகச் சுருங்கியது. ஆனால் அவர்கள் ஒவ்வொரு வெண்சுருட்டிலிருந்தும் உறிஞ்சிய நிக்கோட்டின் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. ஆழமாக இழுத்தனர், அடிக்கடி இழுத்தனர், அடிவரை இழுத்தனர். முடிவில் நாளொன்றுக்கு உடலுக்குள் சென்ற தாரும் கார்பன் மோனாக்சைடும் பாதியளவே குறைந்தன. தனக்குத் தேவையான நிக்கோட்டினை உடல் எப்படியும் ஈடுசெய்துகொள்கிறது. இதில் புகைப்பவரின் ஏமாற்று ஏதும் இல்லை. தாம் ஆழ இழுப்பதை அவரே அறிவதில்லை. இருபதைப் பத்தாக்கியவர் தம்மை அறியாமலேயே அப்பத்திலிருந்து பழைய பதினைந்தின் நஞ்சைப் பெற்றுக்கொண்டிருக்கக்கூடும்.

இனி இதயத்துக்கு வருவோம். இங்கேதான் பாதிக் கணக்கு முற்றிலும் உடைகிறது. இலண்டனைச் சேர்ந்த ஆலன் ஹேக்ஷாவும் உடன் ஆய்ந்தோரும் 141 நெடுநாள் ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி 2018-இல் வெளியிட்டனர். நாளுக்கு இருபது வெண்சுருட்டு பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கு அக்கூடுதலில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் ஆண்களில் அது ஏறத்தாழ 46 விழுக்காடாக இருந்தது. ஒரே ஒரு வெண்சுருட்டு, இருபதின் தீங்கில் பாதியை நெருங்கிச் சுமக்கிறது! நார்வேயில் நடந்த மற்றோர் ஆய்வில், நாளுக்கு ஒன்று முதல் நான்கு வரை பிடித்த ஆண்கள் இதய நோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதோரைவிட ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது.

ஏன் இப்படி? குருதிக்குழாய்களின் உட்சுவர் மிக மென்மையான படலம். சிறிதளவு புகையே அதன் விரிந்து கொடுக்கும் திறனைக் கெடுக்கிறது. தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டத் தூண்டுகிறது. குருதி உறையும் போக்கை மிகுக்கிறது. இவ்விளைவுகள் தொடக்கத்திலேயே விரைந்து ஏறிப் பின்னர் மெல்லவே உயர்கின்றன. மாரடைப்புக்கு வேண்டியது குருதிக்குழாயில் அடைக்கும் ஒரு சிறு கட்டிதான். அது உருவாகும் வாய்ப்பைச் சிறிதளவு புகையே கூட்டுகிறது. நாற்பதுகளில் மாரடைப்பால் இளையோர் சாயும் செய்தி சென்னையில் இன்று அரிதன்று. "இரண்டு மூன்றுதான் பிடிப்பேன்" என்பவர் தமக்குக் கவசம் இருப்பதாக எண்ணுவது பிழை.

நுரையீரல் புற்றுநோயில் கதை சற்று வேறு. நாளளவைக் குறைத்தால் அங்கே ஓரளவு பயன் உண்டு. கோபன்ஹேகனில் நாளுக்குப் பதினைந்தோ அதற்கு மேலோ பிடித்தவர்களில் பாதியாகக் குறைத்தோரிடம் நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ 27 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது என்று 2005-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. பாதிப் புகைக்கு நான்கில் ஒரு பங்குப் பயன். ஆனால் இந்நோயில் நாளளவைவிட ஆண்டுகளின் நீளமே பெருங்காரணம். நாளளவை மும்மடங்காக்கினால் ஆபத்து ஏறத்தாழ மும்மடங்காகலாம். புகைத்த ஆண்டுகளை மும்மடங்காக்கினாலோ அது நூறு மடங்கை நெருங்கும் என்று ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோ 1986-இல் கணித்துக் காட்டினார். இதை நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். "குறைத்துவிட்டேன்" என்ற நிம்மதி ஒருவரை மேலும் பத்தாண்டு புகைக்க வைக்குமானால், அவர் நாளில் பெற்ற ஈவை ஆண்டுகளில் பன்மடங்காக இழக்கிறார்.

அதே பீட்டோ பங்கேற்ற ஓர் ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. நோய்ப்பரவலியல் அறிஞர் கஜலட்சுமி தலைமையில், நரம்பு அறுவை மருத்துவத்தில் ஆசியாவின் முன்னோடிப் பெண்மணியான டி.எஸ். கனகா, பீட்டோ, பிரபாத் ஜா ஆகியோர் இணைந்து செய்த அந்த ஆய்வு 2003-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களின் வீடுகளுக்குச் சென்று, அவர்கள் எந்நோயால் இறந்தனர், புகைத்தவர்களா என்று வீட்டாரிடம் கேட்டறிந்தனர். உயிருடன் இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டனர். மேலை நாட்டு ஆய்வுகள் காட்டாத ஒன்று இங்கே வெளிப்பட்டது. நகரில் புகைப்போர் காசநோயால் இறக்கும் ஆபத்து புகைக்காதோரைவிட நான்கரை மடங்காக இருந்தது. இந்தியாவில் 25 முதல் 69 வயது வரையுள்ள ஆண்களின் காசநோய் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குப் புகையே காரணம் என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இந்நகருக்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. காசநோயாளியை மருத்துவமனையில் அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தது, 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம்தான். அத்தகைய ஊரில், உடலுக்குள் உறங்கிக் கிடக்கும் கிருமியைப் புகை எழுப்பிவிடுகிறது என்பது நெஞ்சைச் சுடும் செய்தி. மூச்சுக்குழாயின் உட்புறம் அழுக்கை வெளித்தள்ளும் நுண்மயிர்கள் புகையில் செயலிழக்கின்றன. கிருமியை விழுங்கி அழிக்கும் அணுக்கள் தளர்கின்றன. நெரிசல் மிக்க பேருந்திலும் குறுகலான வீட்டிலும் காசநோய்க் கிருமியைச் சுவாசிக்க நேரும் சென்னைவாசிகள் பலர். அக்கிருமி நோயாக வெடிக்குமா, அடங்கிக் கிடக்குமா என்பதில் புகைக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது.

பிரபாத் ஜாவும் கூட்டாளரும் நாடு தழுவிய அளவில் செய்த அடுத்த ஆய்வு 2008-இல் வந்தது. இந்தியாவில் வெண்சுருட்டு பிடிக்கும் ஆண் சராசரியாகப் பத்தாண்டு வாழ்நாளையும், பீடி பிடிக்கும் ஆண் ஏறத்தாழ ஆறாண்டையும் இழக்கிறார். நாளுக்கு ஒன்று முதல் ஏழு வெண்சுருட்டு மட்டும் பிடித்தோரிடமே இறப்பு ஆபத்து ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. 'கொஞ்சமாக' என்னும் அளவு இந்திய உடலுக்கும் அரண் ஆகவில்லை.

இவ்வளவும் படித்தபின், படிப்படியாகக் குறைப்பது வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. குறைத்து அங்கேயே தங்குவது வேறு, முழுதாக விடுவதற்காகக் குறைப்பது வேறு. மாடியிலிருந்து இறங்குபவர் நடுப்படியில் குடியிருப்பதில்லை. முன்னதைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். பின்னதன் ஆய்வுகள் வேறு செய்தி சொல்கின்றன.

2016-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த நிக்கோலா லிண்ட்சன் குழுவினர் இங்கிலாந்தில் 697 பேரைக் கொண்டு ஒரு நேர்ப்போட்டி வைத்தனர். ஒரு சாரார் குறித்த நாளில் ஒரேயடியாக விடவேண்டும். மற்றொரு சாரார் அந்நாளுக்கு முன் முதல் வாரத்தில் பாதியாகவும், இரண்டாம் வாரத்தில் கால் பங்காகவும் குறைத்துக்கொண்டு வந்து விடவேண்டும். இருசாராருக்கும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் பிற நிக்கோட்டின் மாற்றுகளும் அறிவுரையும் வழங்கப்பட்டன. நான்காம் வாரத்தில் ஒரேயடியாக விட்டவர்களில் 49 விழுக்காட்டினரும், படிப்படியாக விட்டவர்களில் 39.2 விழுக்காட்டினரும் புகையின்றி இருந்தனர். ஆறு மாதத்தில் அவை 22 ஆகவும் 15.5 ஆகவும் இறங்கின. ஒரேயடியாக விடுவதே மேல் என்று இவ்வாய்வு சொல்கிறது. படிப்படியாகக் குறைக்க விரும்பியோரே மிகுதி என்பதும், எந்தப் பிரிவில் இருந்தாலும் அவர்களுக்கு வெற்றி குறைவாக இருந்தது என்பதும் அதில் தெரியவந்த மற்றொரு செய்தி. குறைக்கும் வழியை நாடும் மனம், பெரும்பாலும் இன்னும் முழு உறுதி கொள்ளாத மனம் என்று இதற்குப் பொருள் கொள்கிறேன்.

ஆயினும் ஓர் ஆய்வு முழு உண்மையாகாது. 2019-இல் காக்ரேன் அமைப்புக்காக அதே லிண்ட்சன் உள்ளிட்டோர் 51 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற இருபத்தீராயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவுகளையும் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தனர். குறைத்து விடுவதற்கும் ஒரேயடியாக விடுவதற்கும் இடையே வெற்றியில் வேறுபாடு காணவில்லை. உடனே விட ஒப்பாதவருக்கும் மருந்தோடு இறங்குபடி ஒன்றைக் காட்டினால் பயன் உண்டு என்பதற்கு 2015-இல் வெளியான ஆய்வு வலுவான சான்று. மேயோ மருத்துவமனையின் ஜான் எப்பர்ட்டும் பிறரும், ஒரு மாதத்துக்குள் விட மனமில்லாத, ஆனால் குறைக்க மனமுள்ள 1,510 பேரைத் தேர்ந்தனர். நான்கு வாரத்தில் பாதி, எட்டு வாரத்தில் கால், பன்னிரண்டு வாரத்தில் முழு விடுதலை என்று இலக்கு வைத்தனர். ஒரு சாராருக்கு வேரனிக்லின் மாத்திரை, மற்றவருக்கு மருந்தில்லாத ஒப்பு மாத்திரை. பதினைந்தாம் வாரம் முதல் இருபத்து நான்காம் வாரம் வரை முற்றும் புகையாதிருந்தோர் மருந்துப் பிரிவில் 32.1 விழுக்காடு, மற்றப் பிரிவில் 6.9 விழுக்காடு. உடனே விட மாட்டேன் என்று நின்று, பின் மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கரையேறியிருக்கிறார்.

இங்கே கவனிக்கவேண்டியது, அவர்கள் வெறுமனே குறைக்கவில்லை. நாள் குறித்துக் குறைத்தனர். எப்படிக் குறைப்பது என்பதிலும் அறிவியல் தெளிவாகப் பேசியிருக்கிறது. ஊஸ்டனைச் சேர்ந்த பால் சின்சிரிபினி 1995-இல் வெளியிட்ட ஆய்வை, குறைக்க முயலும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். 128 பேரை நான்கு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் மனம்போனபடி குறைத்தனர். மற்றொரு பிரிவினர் கடிகாரப்படி குறைத்தனர்: குறித்த நேரம் வந்தால் மட்டுமே பிடிக்கவேண்டும்; தவறினால் அது போயிற்று, சேர்த்து வைத்துப் பிடிக்கக் கூடாது; அவ்விடைவெளி வாரந்தோறும் நீளும். ஓராண்டு கழித்துக் கடிகாரப்படி குறைத்தோரில் 44 விழுக்காட்டினர் புகையை விட்டிருந்தனர். மனம்போனபடி குறைத்தோரில் 18 விழுக்காட்டினரே. நான்கு பிரிவுகளிலும் கடைசி இடம் அவர்களுக்குத்தான். குறைப்பதாகச் சொல்லும் பலர் இக்கடைசிப் பிரிவின் வழியில்தான் சென்றுகொண்டிருக்கிறார்கள் என்பது என் அச்சம்.

இவ்வேறுபாட்டின் காரணம் ஏற்பிகளின் இயல்பில் இருக்கிறது. மனம்போனபடி குறைப்பவர் எவற்றைக் கைவிடுகிறார்? பழக்கத்தால் பிடிக்கும் சுவையற்ற வெண்சுருட்டுகளை. எவற்றைக் காக்கிறார்? விடியலில் ஒன்று, உணவுக்குப்பின் ஒன்று, தேநீரோடு ஒன்று, மனம் நொந்தபோது ஒன்று. இடைவெளி நீள நீள ஏற்பிகள் மீண்டும் கூருணர்வு பெறுகின்றன. எஞ்சிய ஒவ்வொன்றும் முன்னிலும் இனிக்கிறது. எண்ணிக்கை சுருங்க, ஒவ்வொன்றின் ஆட்சியும் வளர்கிறது. கடைசி மூன்றை விடுவது முதல் பதினேழை விடுவதைவிடக் கடினம் என்று பலர் சொல்வது வெறும் மனமயக்கம் அன்று. கடிகாரமோ இத்தொடர்பை அறுக்கிறது. வேட்கை எழும்போது கிடைக்காது. வேட்கை எழாதபோது நேரம் வந்துவிடும். தேநீருக்கும் புகைக்கும், சினத்துக்கும் புகைக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் முறுக்கேறிய கயிறு புரி புரியாகப் பிரிகிறது.

நாளுக்குப் பதினாறு பிடிப்பவர் ஒருவர் நான்காம் அவென்யூவில் குடியிருக்கிறார் என்று கொள்வோம். விழித்திருப்பது பதினாறு மணி நேரம்; மணிக்கு ஒன்று. முதல் வாரம் பன்னிரண்டு என்றால் இடைவெளி 80 மணித்துளி. இரண்டாம் வாரம் எட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. மூன்றாம் வாரம் நான்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. நான்காம் வாரத்தின் முதல் நாள் முழு விடுதலை. அந்நாளை முதலிலேயே நாட்காட்டியில் குறித்து வீட்டாருக்கும் சொல்லிவிடவேண்டும். நாள் குறிக்காத குறைப்பு, நாள் குறிக்காத திருமணப் பேச்சுபோல் இழுத்துக்கொண்டே போகும் என்பது யாரும் அறிந்ததே.

அவருடைய நாளில் சட்டமும் அவருக்குத் துணை நிற்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தல் நாடெங்கும் தடை. சென்னையின் முதல் மெட்ரோ வழித்தடம் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை 2015 ஜூன் 29-இல் திறந்தபோது அசோக் நகரும் அதில் ஒரு நிலையமாயிற்று. நிலையத்திலும் வண்டியிலும் அலுவலகத்திலும் புகைக்க இடமில்லை. ஆகையால் புகைப்பவருடைய நாளில் ஏற்கெனவே நீண்ட இடைவெளிகள் வந்துவிட்டன. அவற்றை அவர் பொறுத்துக்கொண்டும் இருக்கிறார். பொறுக்க முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்?

சட்டம் துணை நில்லாத இடம் ஒன்றும் உண்டு. அது சில்லறையாக ஒவ்வொன்றாக விற்கும் வழக்கம். ஒன்று மட்டும் வாங்கினால் குறைவாகப் பிடிக்கலாமே என்று தோன்றும். நடப்பது வேறு. பெட்டி வாங்குபவர் மாலையில் பெட்டியைத் திறந்தால் எத்தனை போயிற்று என்று தெரிந்துகொள்வார். ஒவ்வொன்றாக வாங்குபவருக்குத் தம் கணக்கு தெரியாது. பெட்டியின் 85 விழுக்காட்டுப் பரப்பை நிறைக்கும் எச்சரிக்கைப் படமும் அவர் கண்ணில் படுவதில்லை. பதின்வயதுப் பிள்ளையின் கைக்காசுக்கும் அது எட்டிவிடுகிறது. மகாராட்டிர அரசு 2020-இல் சில்லறை விற்பனையைத் தடை செய்தது. தமிழகமெங்கும் அது உறுதியாக நடைமுறைக்கு வரவேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, குறைக்க விரும்புபவர் ஒரு சிறு தாளில் நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்வது நன்று.

சென்னைக்காரருக்கென்றே ஒரு செய்தி சொல்லவேண்டும். புகையிலுள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபீனை விரைவாக வெளியேற்றச் செய்கின்றன. புகையை நிறுத்தியதும் அத்தூண்டுதல் நின்றுவிடும். அதே இரண்டு தம்ளர் காபி, குருதியில் இருமடங்குக் காஃபீனைச் சேர்த்துவிடக்கூடும். நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும், கை நடுங்கும். "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று எண்ணி மீண்டும் பற்றவைப்போர் உண்டு. விடும் நாளிலிருந்து காபியையும் தேநீரையும் பாதியாக்குவது அறிவுடைமை. அதே கல்லீரல் மாற்றம் தியோபிலின் போன்ற சில மருந்துகளின் அளவையும் கூட்டுமாதலால், மூச்சிரைப்புக்கோ மனநோய்க்கோ மருந்துண்போர் தம் மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும்.

நிக்கோட்டின் மெல்லும் பசையைப் பலர் தவறாகப் பயன்படுத்திப் பயனில்லை என்று தூக்கியெறிகின்றனர். அதன் பிறப்பே சுவையான கதை. புகைக்க வழியில்லாத நீர்மூழ்கிக் கப்பல்களில் சுவீடன் நாட்டு மாலுமிகள் வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டு வேட்கையைத் தணித்தது, 1960-களின் இறுதியில் ஓவே ஃபெர்னோ என்னும் வேதியியலாரின் கவனத்துக்கு வந்தது. நிக்கோட்டினைப் புகையின் நஞ்சிலிருந்து பிரித்துக் கொடுத்தால் என்ன என்று அவர் முயன்றதன் விளைவே அப்பசை. அதைச் சாதாரணப் பசைபோல் விடாமல் மெல்லக்கூடாது. காரம் தோன்றும்வரை சிலமுறை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் தணிந்தபின் மீண்டும் மெல்லவேண்டும். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே குருதியில் சேரவேண்டும். விழுங்கினால் வயிறு புரட்டும், பயனும் குறையும். காபியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால், அவற்றின் புளிப்பு நிக்கோட்டின் சேர்வதைத் தடுத்துவிடும். புகையை விடத் துணைசெய்யும் மாத்திரைகளான வேரனிக்லினையோ புப்ரோப்பியானையோ மருத்துவர் சீட்டின்றி நாடுதல் ஆகாது. புகைக்கு மாற்றாக மெல்லும் புகையிலைக்குத் தாவுவது, நுரையீரலைக் காத்து வாயைப் பலிகொடுப்பதாகும். வாய்ப்புற்று மலிந்த நாடு இது.

உதவி தொலைவில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் தம் வாழ்நாளை ஈந்து வளர்த்த நிறுவனம். உலகச் சுகாதார நிறுவனமும் நடுவண் அரசும் 2002-இல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய 13 புகையிலை விடுவிப்பு மையங்களில் ஒன்று அங்கே அமைந்தது. முற்றிய புற்றோடு வருவோரைப் பார்த்துப் பார்த்து மனம் கசிந்தவர்கள், நோய் வருமுன்னரே வாசலில் நின்று தடுக்க முனைந்தார்கள் என்பதே அதன் பொருள். 2016–17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைத்துவந்தனர். அவர்களுக்கு இத்தகைய மையங்கள் இன்னும் பன்மடங்கு வேண்டும். ஒவ்வொரு நகர்ப்புற நல்வாழ்வு நிலையத்திலும் வேண்டும்.

முழுதாக விட்டபின் வருவது என்ன என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம். ஓரிரு நாளில் கார்பன் மோனாக்சைடு குருதியை விட்டு நீங்கும். விடுதலையின் துன்பம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தனித்தனியே எழும் வேட்கை சில மணித்துளியில் தானே தணியும். ஒருநாள் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பெட்டியை வாங்கிவிடக்கூடாது. அடுத்த வேளையே மீண்டும் நிறுத்திவிடலாம். பலருக்கு வெற்றி முதல் முயற்சியில் வருவதில்லை. இங்கிலாந்து மருத்துவர்களை ஐம்பதாண்டு தொடர்ந்து கண்காணித்த ரிச்சர்டு டாலின் ஆய்வு 2004-இல் நிறைவுற்றபோது சொன்னது: முப்பது வயதில் விட்டவர் இழக்கவிருந்த பத்தாண்டையும் ஏறத்தாழ மீட்கிறார், நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டு, ஐம்பதில் ஆறாண்டு, அறுபதில் மூன்றாண்டு.

ஆகவே, பாதியாகக் குறைத்துவிட்டதாகச் சொல்லும் அன்பரே, நீங்கள் தொடங்கிய பணியை முடித்துவிடுங்கள். முழுதாக விடும் நாளை இன்றே குறியுங்கள். அதுவரை கடிகாரம் சொல்லும்போது மட்டும் பிடியுங்கள். நீங்கள் வாங்கும் பெட்டியின் மீதே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைத்தால், புகையை விடத் துணைசெய்யும் அறிவுரையாளர் மறுமுனையில் பேசுவார். நீங்கள் குறித்த நாளை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.